அடுத்தடுத்த நான்கு

அன்று சத்துவாச்சாரியில், பெண் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர்: தேவசகாயம், அவர் மனைவி சவுரியம்மாள், மகள் மெர்சி, பெண் பார்க்க வந்த ஆல்வின், அவனுடைய பெரியப்பா இன்பராஜ். பக்கத்து வீட்டுக் கெங்கம்மாள் ஜன்னலில் இருந்தது கணக்கில் சேராது.

தேவசகாயம் ஆம்பூர்த் தோல் தொழிற்சாலையில் முப்பது வருடம் தரம் பிரித்தவர். கணித ஆராய்ச்சி செய்யும் மகளுக்கு ஏற்கெனவே இரண்டு வரன்கள் தட்டிப்போயிருந்தன. உறவினர்கள் இரக்கப்பட ஆரம்பித்துவிட்டார்கள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. இந்த வரன் கூடியே ஆக வேண்டும். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு" என்று காலையிலேயே மகளை எச்சரித்திருந்தார்.

கேட்டவர் இன்பராஜ். அரக்கோணத்தில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர்; மற்றவர்களுக்குத்தான் ஓய்வு கிடைக்கவில்லை. பஜ்ஜித் தட்டை நகர்த்திவிட்டு ஒன்பது நோட்டுகளை அடுக்கினார்.

"முப்பத்தி மூணு, மூணு பதினொண்ணு. முப்பத்தி நாலு, ரெண்டு பதினேழு. முப்பத்தஞ்சு, அஞ்சு ஏழு. ஒவ்வொண்ணும் ரெண்டே ரெண்டு பகா எண்ணோட பெருக்கல். அடுத்தடுத்து மூணு வருது. நாலு எப்ப வரும்? லட்சம் வரைக்கும் தேடிட்டேன், மாட்டல."

"மாட்டாது அங்கிள்," என்றாள் மெர்சி. "பன்னெண்டு பன்னெண்டா தாண்டினா பத்து, இருபத்தி ரெண்டு, முப்பத்தி நாலு, நாப்பத்தாறு, அம்பத்தெட்டுன்னு அஞ்சு கூடக் கிடைக்கும். அடுத்தடுத்து நாலு கிடையவே கிடையாது."

"ஒம்போது வருஷமா தேடுறேன். இன்னாம்மா பேச்சு இது?" இன்பராஜ் தேவசகாயத்திடம் திரும்பினார். "பொண்ண 'வரலாம்'னு ஒரு வார்த்த சொல்லச் சொல்லுங்க. மேல பேசலாம்."

ஆல்வின் பஜ்ஜிக்காக மட்டுமே வாய் திறந்தான். சவுரியம்மாள் கணவரைக் கண்ணால் கெஞ்சினாள். ஒரே ஒரு வார்த்தை.

"ஏம்மா கிடையாது?" என்றார் தேவசகாயம்.

"நாலத் தாண்டிட்டா, அடுத்தடுத்த எந்த நாலு நம்பர்லயும் ஒண்ணு நாலால வகுபடும்பா. நாலுலயே ரெண்டும் ரெண்டும் வந்துடுச்சு. கூட இன்னொரு பகா எண் சேந்தா மூணாயிடும்."

தொழிற்சாலையில் தேவசகாயம் அடுக்கிலிருந்து ஒவ்வொரு நாலாவது தோலையும் உருவிப் பார்ப்பார். எந்த நாலு தோல் வரிசையாகப் போனாலும் ஒன்று அவர் கையில் சிக்கியே தீரும். அவருக்கு விளங்க அரை நிமிடம் ஆயிற்று.

"சார், ஓட்ட விழுந்த தோலுக்கு நான் முதல் தரம்னு எழுதினதில்ல. எம்பொண்ணும் எழுத மாட்டா. இந்தச் சம்பந்தம் வேணாம். நோட்ட எடுத்து வைங்க, பஜ்ஜி ஆறுது."

பெண்ணுக்குக் கணக்கு வரவில்லை என்று மாப்பிள்ளை வீட்டார் தட்டிக்கழித்துவிட்டதாக ஆம்பூரில் ஒரு பேச்சு உலவுகிறது. தவறு. வேண்டாம் என்றது பெண் வீடு.