சைதூன் வீட்டுக் கோழிக்கூட்டுத் திரை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறாம் வருஷம் ஐப்பசி பதினெட்டாம் தேதி, திண்டுக்கல் பேகம்பூரில் சைதூன் வீட்டுக் கோழிக்கூட்டில் தொங்கிய பதினொரு ஆட்டுத்தோல்களுக்கு மறுபடியும் முடி முளைத்தது. சுண்ணாம்புக் குழியில் ஊறி, கத்தியால் சுரண்டப்பட்டு, ஆவாரம்பட்டைச் சாற்றில் பதமாகி, ஓட்டை விழுந்ததால் செருப்புக்குக்கூட ஆகாதென்று கழிக்கப்பட்ட தோல்கள் அவை. பக்கத்து ஊர் எரியோட்டுக்காரர்கள் பத்தொன்பதாம் தேதி என்பார்கள். அவர்கள் அன்றைக்குப் பேகம்பூரிலேயே இல்லை.

சைதூனுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. கணவர் மௌத்தாகி மூன்று வருஷம் ஆகியிருந்தது. முட்டை விற்றுத்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிந்தது. கொல்லையில் இருந்த கூட்டுக்கு மூன்று பக்கம் மூங்கில் தட்டி, வடக்குப் பக்கம் திறப்பு. கோடைக்கு அது சொர்க்கம். ஐப்பசி பிறந்து வாடை அடிக்க ஆரம்பித்தாலோ, நனைந்த கோழிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நடுங்கும். விடிந்தால் இரண்டு விறைத்துக் கிடக்கும். இரண்டே குளிர்காலத்தில் நாற்பது கோழி பன்னிரண்டாகிவிட்டது. நத்தத்தில் புளி வியாபாரம் செய்த அண்ணன் அப்துல் வாஹித் முடிவாகச் சொல்லிவிட்டார்: "இந்தக் குளிருக்கும் கோழி செத்துச்சுன்னா வீட்டைப் பூட்டிட்டு எங்கூட வந்துரணும் புள்ள. மார்கழி பொறந்ததும் வண்டியோட வாரேன்." அண்ணன் வீட்டில் சோற்றுக்குக் குறைவில்லை. ஆனால் அது மதினி நர்கீஸின் அடுப்பு. வெஞ்சனத்துக்கு ஒரு கல் உப்புப் போடவும் கேட்டுத்தான் போட வேண்டும்.

அதனால் அந்த வருஷம் மழை இறங்குமுன்பே வேலையைத் தொடங்கினாள். கூட்டின் தரையைச் சுரண்டிப் பழைய எருவை அள்ளினாள், அடுப்புச் சாம்பலைத் தூவினாள், மேலே கடலைத்தோலை ஒரு சாண் உயரத்துக்குப் பரப்பினாள். கோழிகள் ஈரத்தில் படுக்காமலிருக்கக் குறுக்கே வேப்பங்கொம்பு கட்டினாள். திறந்த பக்கத்துக்குத்தான் வழி தெரியவில்லை. அடுத்த தெருவில் தோல் பதனிடும் ஷாப்பில் முப்பது வருஷமாக முடி சுரண்டிக்கொண்டிருந்த இஞ்ஞாசி, கேட்டதும் கழித்த தோல்களைத் தலையில் சுமந்து வந்து திரையாகக் கட்டிக்கொடுத்தார். "மேல ஒரு சாண் விட்டுக் கட்டுங்கண்ணே, இல்லேன்னா மூச்சு முட்டிப் போகும்" என்றாள் சைதூன். அப்படியே கட்டினார். மூன்றாம் நாள் வாடை அடித்தது, முடி முளைத்தது. கறுப்பு ஆட்டின் தோலில் கறுப்பாக, செவலை ஆட்டின் தோலில் செவலையாக. சாணார்பட்டி ஆட்டுக்காரர் ஒருவர், ஒரு தோலின் வயிற்றோரம் இருந்த வெள்ளைத் திட்டைத் தடவிப் பார்த்து, "அட, இது நான் வளத்த குட்டியாச்சே" என்று கண் கலங்கிப் போனார். கோழிகள் முடிக்குள் ஒட்டிப் படுத்து நிம்மதியாகத் தூங்கின.

ஊரே மூக்கின்மேல் விரல் வைத்தது. இஞ்ஞாசிக்கு மட்டும் முகம் தொங்கிப்போயிற்று. முப்பது வருஷத்தில் அவர் கைபட்ட தோலில் ஒரு முடி நின்றதில்லை. இது அதிசயம் என்றே அந்த மனிதருக்குத் தோன்றவில்லை. வேலை சுத்தமில்லை என்றுதான் தோன்றியது. சைதூன் முட்டைக்கூடையோடு சந்தைக்குப் போன நேரம் பார்த்து, பதினொன்றையும் அவிழ்த்துக்கொண்டு போய்ச் சுண்ணாம்புக் குழியில் இறக்கிவிட்டார். மூன்று நாள் ஊற வேண்டும். இதைச் சொல்லும் எனக்கு இன்றைக்கு நினைத்தாலும் ஆத்திரமாக வருகிறது. அந்த மூன்று நாளும் மழை விடவில்லை. சைதூன் கோணியைக் கட்டினாள், பாயைக் கட்டினாள், கடைசியில் தன் கல்யாணப் புடவையையும் கட்டினாள். நாலு கோழி செத்தன. இஞ்ஞாசி வழவழவென்று சுரண்டிய தோல்களோடு பெருமையாக வந்தபோது, அந்த நாலையும் வாசலில் வரிசையாக வைத்திருந்தாள்.

"பாத்துக்கங்கண்ணே, உங்க சுத்தத்த" என்றாள்.

அவர் தோல்களைக் கட்டினார். பிறகு மழையில் நின்றபடி ஒவ்வொன்றாகத் தடவி, "முளைங்கப்பா, தப்பு எம்மேலதான்" என்று கெஞ்சினார். தோலிடம் அவர் பேசியது அதுவே முதல் தடவை. அரைமணி நேரத்தில் முளைத்தது, முன்னைவிட அடர்த்தியாகவே முளைத்தது.

சொன்னபடி மார்கழி முதல் தேதி அப்துல் வாஹித் மாட்டுவண்டியோடு வந்து இறங்கினார். "நாலு செத்துப்போச்சாமே. சாமானைக் கட்டு."

"குளிர் கொல்லலண்ணே. சுண்ணாம்பு கொன்னுச்சு. உள்ள வந்து பாருங்க."

அவர் குனிந்து கூட்டுக்குள் பார்த்தார். மிச்சமிருந்த எட்டுக் கோழியும் கொழுகொழுவென்று இருந்தன. இந்த ஈரத்தில் குஞ்சு தங்காது என்று அடித்துச் சொல்லுகிற ஆள் அவர். அவர் கண்ணெதிரே தோலின் முடிக்குள்ளிருந்து குஞ்சுகள் தலையை நீட்டின. பத்தொன்பது குஞ்சுகள். மெதுவாகத் தன் கையையும் முடிக்குள் விட்டார்.

"சூடா இருக்கு புள்ள" என்றார். "செத்த நேரம் இப்படியே இருந்துட்டுப் போறேன்."

அன்று அவருக்கு முட்டைக் குழம்பு. உப்புச் சற்றுத் தூக்கல்தான். அண்ணன் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிக்கொண்டார். வந்த வண்டி வெறும் வண்டியாகவே நத்தம் திரும்பியது.

அதற்குப் பிறகு பங்குனியில் முடி உதிர்வதும் ஐப்பசியில் முளைப்பதும் வழக்கமாகிவிட்டது. உதிர்ந்ததைக் கோழிகளே அடைகாக்கும் கூடைக்கு இழுத்துப்போட்டுக்கொண்டன. அறுபத்தொன்றில் பதினைந்து நாள் முன்னதாக முளைத்தது, வாடையும் முன்னதாகவே வந்தது. அதிலிருந்து பேகம்பூரில் சைதூன் வீட்டைக் கேட்காமல் யாரும் கம்பளியை எடுப்பதில்லை. இஞ்ஞாசி வருஷா வருஷம் கத்தியை ஷாப்பிலேயே வைத்துவிட்டு வந்து, திரையைக் கட்டி, தடவிக்கொடுத்துவிட்டுப் போனார். அறுபத்து நாலில் கூட்டில் எழுபது கோழி இருந்தன. நத்தத்திலிருந்து வண்டி வருவது நின்றுபோய், ஐப்பசிதோறும் ஒரு கார்டு மட்டும் வரும். அதில் ஒரே வரிதான் இருக்கும்: "முளைச்சிருச்சா?" சைதூனும் ஒரு கார்டு வாங்கிப் பதில் போடுவாள்: "முளைச்சிருச்சுண்ணே. அடுப்பு எரியுது."