கரித்தடம்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் பின்னால் ஒருவர் வெள்ளைப் பசு வாங்கிக் கட்டினார். நாலாம் நாள் அது எருமையாகிவிட்டது. பால்காரர் அதற்கேற்ப விலையை ஏற்றினார். இரும்பாலைக் கரி அப்படி விழும் ஊர்.

அந்த ஆலைக்காரர்களே சுற்றுவட்டப் பள்ளிகளுக்கு ஒரு போட்டி வைத்தார்கள். ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டின் கார்பன் ஃபுட்பிரிண்டை, அதாவது 'கரித்தடத்தை', ஒரு வாரம் அளந்து எழுத வேண்டும்; ஆகக் குறைந்தவருக்கு சைக்கிள். லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி நாலு கிலோமீட்டர் நடந்து வரும் ஒன்பதாம் வகுப்பு பானுவுக்கு அன்றிலிருந்து தூக்கத்திலும் பெடல்தான்.

படிவத்தில் ஏசி, கார், விமானம் எல்லாவற்றுக்கும் பூஜ்யம் போட்டாள். கடைசி வரியில் 'வீட்டுக் கரி, கிலோவில்' என்றிருந்தது. கண்ணுக்குத் தெரியாத புகைக் கணக்கு அது என்று வகுப்பாசிரியர் வசந்தகுமார் சார் சொல்லாமல் விட்டார். பானு ஒரு வாரம் வீட்டைப் பெருக்கி, அம்மா கெங்கம்மாளின் மீன் தராசில் நிறுத்தாள். நாலு கிலோ. எதிர் வீட்டில் நிறுத்தால் ஆறு தேறும். சைக்கிள் தனக்குத்தான் என்றிருந்தாள்.

பரிசு நாளில் ஆலை அதிகாரி ஹேமநாத் பட்டியல் படித்தார். மேனேஜர் மகள் ஸ்ரேயாவுக்கு இரண்டு கார், ஒரு சிங்கப்பூர் பயணம். பத்துச் செடி நட்டதில் எல்லாம் கழிந்து பூஜ்யம். சைக்கிள் அவளுக்கு. பானு வருஷத்துக்கு இருநூற்றெட்டுக் கிலோ; வட்டாரத்திலேயே ஆக மோசம்.

பானு எழுந்து நின்றாள். "அது உங்க மில்லு கரி சார். எங்க ஊட்ல வந்து உழுது."

ஹேமநாத் கோபப்படவில்லை. "சிம்னிய விட்டு வெளிய வந்தா அது எங்களுது இல்ல பாப்பா. யார் ஊட்ல கீதோ அவங்களுது."

கூடம் சிரித்தது. வசந்தகுமார் சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். இனிமேல் கரியைக் குறைப்பேன் என்று பானுவை மைக்கில் உறுதிமொழி எடுக்க வைத்தார்கள். திரும்பி நடந்தபோது சைக்கிள் ஸ்ரேயா வீட்டுக் கார் கூரைமேல் ஏறி அவளைத் தாண்டிப் போயிற்று.

கெங்கம்மாள் முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "நீ பெருக்குனதுதான்டி தப்பு. அள்ளுனா நம்முளுதாயிடுது."

அன்றோடு துடைப்பம் மூலைக்குப் போனது. மூன்றே மாதத்தில் வாசலிலிருந்து அடுப்புவரை பானுவின் பாதம் அச்சுப் பிசகாமல் பதிந்து கிடந்தது. அடுத்த வருஷப் போட்டி நோட்டீசுக்கு நல்ல கரித்தடம் ஒன்று தேடி வந்த ஆலைக்காரர்கள், ஊரெல்லாம் அலைந்து கடைசியில் அதைத்தான் படமெடுத்தார்கள்.

பள்ளிச் சுவரில் ஒட்ட அந்த நோட்டீஸ் கட்டு ஒன்றை அவளிடமே கொடுத்தனுப்பினார்கள். நாலு கிலோமீட்டரும் தலையில் சுமந்து நடந்தாள்.