பன்றி மாதிரி ஒரு யானை

ஊரார் மலத்தைக் கண்ணாடித் துண்டில் தடவி, மைக்ராஸ்கோப்பில் பார்த்து, புழு இருக்கிறதா இல்லையா என்று எழுதிக் கொடுப்பதுதான் அவருக்குப் பிழைப்பு. அதில் அவருக்குத் துளி அருவருப்பு கிடையாது. கையைக் கழுவிவிட்டு அங்கேயே சாப்பாட்டு டப்பாவைத் திறந்துவிடுவார். வீட்டில் மனைவியின் கீபோர்டில் ஒரு பிஸ்கட் துணுக்கைப் பார்த்தால் மட்டும் குடலைப் பிரட்டும். மனைவி வீட்டார் அவருக்கு வைத்திருந்த பெயர் பினாயில். முகத்துக்கு நேரே மாப்பிள்ளை, முதுகுக்குப் பின்னே பினாயில்.

அந்தப் பினாயில் இப்போது கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். மனைவிக்குத் துணிகளில் எம்பிராய்டரி போட்டுக் கொடுக்கும் தொழில். டிசைன் வரைந்துகொண்டிருந்த ஆதிகாலத்துக் கம்ப்யூட்டர் அன்று காலையில் உயிரை விட்டிருந்தது. ரிப்பேர்காரர் பக்கத் தகட்டைக் கழற்றினார். உள்ளே முடியும் தூசியும் சேர்ந்து நனைந்த கம்பளி மாதிரி படிந்திருந்தது. அதிலிருந்து கரப்பான்கள், காலி பண்ணச் சொன்ன குடித்தனக்காரர்களைப் போல, அவசரமே இல்லாமல் வெளியே வந்தன.

"ஒரு குடும்பமே இருக்கு சார். ஃபேன் காத்துல சுகமா இருந்திருக்காங்க."

"அப்படியே தூக்கிக் குப்பையில போடுங்க."

"போடலாம். அக்கா போன்ல ஏதோ யானைன்னு சொன்னாங்களே?"

அதுதான் சிக்கல். மகள் மாசமாக இருந்தாள். சின்ன வயதில் அவள் போர்வையில் அம்மா போட்டுக் கொடுத்த யானை தன் குழந்தையின் போர்வையிலும் வேண்டும் என்றாள். பழைய போர்வை கரித்துணியாகிப் போய்ச் சேர்ந்துவிட்டது. கம்ப்யூட்டர் போய்விட்டதே என்று மனைவி தாளில் புதிதாக வரைந்து போனில் அனுப்பினார். அச்சு அசல் யானை. "இது யானைம்மா. எனக்கு அந்தப் பன்னி மாதிரி யானைதான் வேணும்" என்று மகள் சொல்லிவிட்டாள். பன்றி மாதிரி யானை உலகத்திலேயே ஒரே இடத்தில்தான் இருந்தது, கரப்பான்களோடு.

ரிப்பேர்காரர் ஹார்டு டிஸ்கில் இருந்ததை அப்படியே நகலெடுத்து பென்டிரைவில் கொடுத்தார். "அந்தப் பழைய புரோகிராம் புதுசுல ஓடாது சார். எமுலேட்டர் போட்டுக்கங்க. புதுக் கம்ப்யூட்டர் பழசு மாதிரி வேஷம் கட்டி நடிக்கும். புரோகிராமுக்கு வித்தியாசமே தெரியாது."

பினாயில் பென்டிரைவை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துவிட்டுத்தான் வீட்டிலிருந்த புதுக் கம்ப்யூட்டரில் செருகினார். எமுலேட்டரைத் தேடிப் போன வலைப்பக்கமோ அந்தப் பெட்டியைவிட அசிங்கமாக இருந்தது. திரும்பிய பக்கமெல்லாம் பச்சைப் பொத்தான். ஒன்றைத் தொட்டால் தொப்பை கரைக்கும் மாத்திரை. இன்னொன்றைத் தொட்டால் அரைகுறை ஆடையில் ஒருத்தி, பக்கத்துத் தெருவில்தான் இருப்பதாகச் சொன்னாள்.

"யாருங்க அது?" என்றார் பின்னால் நின்ற மனைவி.

"எமுலேட்டரோட சொந்தக்காரியா இருக்கும்."

ஒருவழியாக நிஜப் பொத்தானைக் கண்டுபிடித்து நிறுவினார். பழசுக்கு எவ்வளவு மெமரி தருவது என்று அது கேட்டது. பாவம், தாராளமாக இருக்கட்டும் என்று இருந்ததில் பாதியைக் கொடுத்தார். பழசால் அதைச் செரிக்க முடியவில்லை. மெமரி போதவில்லை என்று எழுதிவிட்டுக் கவிழ்ந்தது.

"இவ்வளவு கொடுத்தும் போதலையாம். உங்கண்ணனுக்கு சோறு போட்ட மாதிரிதான்."

"எங்கண்ணனை ஏன் இழுக்கறீங்க? குறைச்சுக் கொடுத்துப் பாருங்க."

குறைத்தார். சோம்பல் முறித்துக்கொண்டு எழுந்தது. அதே பழைய திரை, அதே ஆமை வேகம். டிசைன் புரோகிராமைத் திறந்தார். பாஸ்வேர்டு கேட்டது.

"என்ன போடணும்?"

மனைவி மேலே ஃபேனைப் பார்த்தார். "பினாயில்."

"இப்ப எதுக்கு அது?"

"அதாங்க பாஸ்வேர்டு."

ஆயிரம் மல டப்பாக்களைத் திறந்து பார்த்தும் சுளிக்காத முகம் சுளித்தது. தன்னுடைய பட்டப்பெயரைத் தானே ஒவ்வொரு எழுத்தாக ஆங்கிலத்தில் அடித்தார். தவறு என்றது. மறுபடி அடித்தார். மறுபடியும் தவறு.

"உங்க வீட்டுல எனக்கு வேற பேரும் வச்சிருக்கீங்களா? அதையும் போட்டுப் பார்த்துடலாம்."

"நேத்து வரைக்கும் இதுதான் தொறந்துச்சு. உங்க எமுலேட்டர்தான் சரியில்ல."

"எல்லாம் அப்படியே இருக்கும்மா. கரப்பான் மட்டும்தான் இல்ல."

மனைவி வாயிலிருந்த பிஸ்கட்டை மெல்வதை நிறுத்தினார். "கீபோர்டும் இல்லையே. அதுல ரெண்டு கட்டை இடம் மாறியிருக்கும்."

"மாறியிருந்தா டைப் அடிச்சதெல்லாம் தப்பா வந்திருக்குமே?"

"வந்துச்சு. ஒரு டாக்டர் கோட்டுல பேரு தப்பா விழுந்து முழுக்கப் பிரிச்சேன். அப்புறம் பழகிடுச்சு. பாஸ்வேர்டுல எழுத்து தெரியாதே, வெறும் நட்சத்திரம்தானே? கட்டையில எழுதியிருந்ததைப் பார்த்தே அடிச்சேன். உள்ள என்ன பதிஞ்சுதோ."

"எவன் மாத்தினது?"

"மூக்குல துணியைக் கட்டிக்கிட்டு, ஒவ்வொரு கட்டையாப் பிடுங்கி, இயர்பட்ஸ் வச்சுத் துடைச்சு மாட்டினாரு ஒருத்தர். மாட்டிட்டு, எப்படின்னு கேட்டு நின்னாரு. அந்த முகத்தைப் பார்த்துட்டுச் சொல்ல மனசு வரல."

பினாயில் புதுக் கீபோர்டைக் குனிந்து பார்த்தார். "எந்த ரெண்டு?"

"விரலுக்குத்தாங்க தெரியும். கட்டிலுக்கு அடியில இருக்கு, எடுங்க."

லேப் கையுறையை ஒன்றின் மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் ஊர்ந்தார். பிளாஸ்டிக் பையிலிருந்து வந்தது கீபோர்டா, செத்த பிராணியா என்று சொல்ல முடியவில்லை. எண்ணெய்ப் பிசுக்கு தேன்பாகு மாதிரி இழுத்தது. இடுக்கில் ஒரு கரப்பான் கால், தனியாக. புதிய கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஆங்கில 'என்' இருக்க வேண்டிய இடத்தில் 'எம்'. 'எம்' இடத்தில் 'என்'. அவர் துடைத்த கட்டைகள்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு 'பிமாயில்' என்று அடித்தார். திறந்தது.

யானை வந்தது. தும்பிக்கை குட்டையாக, காது மடிந்து, நாலு காலும் குண்டாக, எந்தச் சந்தேகமும் இல்லாத பன்றி. மனைவி குனிந்து அதன் வாலைத் திரையிலேயே தடவினார். கண்ணாடியில் எண்ணெய்க் கோடு விழுந்தது.

"வாலை அன்னைக்கு நீங்கதான் வரைஞ்சீங்க. அதான் பன்னி வாலாப் போச்சு" என்றார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இன்னொரு பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டே யானையை வெளியே எடுக்கும் வேலையை ஆரம்பித்தார். துணுக்குகள் புதிய கீபோர்டின் இடுக்கில் ஒவ்வொன்றாக இறங்கின.

பினாயில் பார்த்துக்கொண்டே நின்றார். இயர்பட்ஸ் எந்த அலமாரியில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, பொட்டலத்திலிருந்து தானும் ஒரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டார். கையைக்கூடக் கழுவவில்லை.