சாகாத செல்களுக்குச் சோறு போட்டவள்

குட்டிக்கு நல்ல செய்தி என்றால் அவள் அக்காவுக்குக் கெட்ட செய்தி. மூன்று வருடமாக அந்த வீட்டில் இதுதான் நிலவரம். குட்டியோ அக்காவோ அக்காவின் கணவரான மாமாவோ அதை வாய்விட்டுச் சொன்னதில்லை.

குட்டி ஆய்வுக்கூடத்தில் மார்பகப் புற்றுநோய்ச் செல்களை வளர்க்கிறாள். பெண் ஹார்மோன் கிடைத்தால் மளமளவென்று பெருகும் செல்கள் அவை. அந்த ஹார்மோனை அண்டவிடாமல் தடுக்கும் மருந்தை அவை வாழும் திரவத்தில் கலந்து, மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக அளவைக் கூட்டி, மருந்துக்குப் பழகிப்போய் அதற்கு மசியாத ஒரு கூட்டத்தை உருவாக்க வேண்டும். முனைவர் பட்டத்துக்கு அவள் எடுத்துக்கொண்ட வேலை இது. திங்கள், புதன், வெள்ளி திரவம் மாற்ற வேண்டும். காய்ச்சல் என்றாலும் கல்யாணம் என்றாலும் மாற்றித்தான் ஆக வேண்டும்.

வேலை தொடங்கி ஒரு வருடம் ஆனபோது அக்காவுக்கு மார்பில் கட்டி வந்தது. அறுவை முடிந்தது. தினம் ஒன்று, வருடக்கணக்கில், என்று மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரையை வாங்கிப் பார்த்தால், அதே மருந்து. விதிக்கு வேறு வேலை வெட்டி இல்லை போலிருக்கிறது. அன்றிலிருந்து வீட்டில் ஒருத்தி அந்த மருந்து ஜெயிக்க வேண்டும் என்று விழுங்கினாள், இன்னொருத்தி அது தோற்க வேண்டும் என்று ஊற்றினாள். இரண்டு பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

"உன் பிள்ளைங்க எப்படி இருக்காங்க?" என்று அக்கா கேட்பாள்.

"இருக்காங்க" என்பாள் குட்டி, தட்டைப் பார்த்தபடி.

ஒரு சனிக்கிழமை அவள் ஆய்வை வழிநடத்தும் பேராசிரியர் போனில் கூப்பிட்டார். குட்டி சந்தோஷத்தில் தலைகால் புரியாமல் வீட்டுக் கூடத்திலேயே நின்று பேசினாள். "மருந்தை ரெண்டு மடங்கு போட்டும் பாத்துட்டேன் சார். அசையவே இல்லை. பிரமாதமா வளருது." அடுத்த அறையில் அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். கதவு திறந்திருந்ததை குட்டி கவனிக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து, சிவப்புப் பேனா தேடி குட்டி அக்காவின் பள்ளிக்கூடப் பையைத் துழாவினாள். அக்கா கணக்கு டீச்சர், பேனாவுக்குப் பஞ்சமில்லை. ஜியோமெட்ரி பெட்டியைத் திறந்தால் காம்பஸுக்குப் பக்கத்தில் பதினான்கு மாத்திரைகள் கிடந்தன. மாமா தினமும் காலையில் அட்டையைப் பார்ப்பார் என்பதால், ஒழுங்காகப் பிரித்து எடுத்துப் பெட்டியில் போட்டுவந்திருக்கிறாள். குட்டி பெட்டியோடு அக்காவின் முன்னால் போய் நின்றாள்.

"என்னக்கா இது?"

அக்கா விடைத்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நீதானே சொன்னே, அசையவே இல்லைன்னு. வேலை செய்யாததை எதுக்கு முழுங்கணும்? ராத்திரி பூரா வேர்த்துக் கொட்டுது, காலை ஊன்ற முடியலை. இதெல்லாம் எதுக்கு?"

"அது என் செல்லுக்குக்கா. உனக்கில்லை."

"என்ன வித்தியாசம்? வழி போட்டுக் காட்டு."

வாயால் சொன்னால் இவள் கேட்கமாட்டாள் என்று குட்டிக்குத் தெரியும். மறுநாள் கையோடு ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துப் போனாள். வெள்ளைக் கோட்டு மாட்டிவிட்டு, நுண்ணோக்கியின் முன் உட்காரவைத்தாள். அக்கா வெகுநேரம் பார்த்தாள். கண்ணாடிபோன்ற தட்டின் அடியில், இடம் விடாமல் நெருக்கியடித்துக்கொண்டு, செல்கள் ஆரோக்கியமாக இருந்தன.

"மருந்துலயா இருக்குது இதெல்லாம்?"

"ஆமாக்கா."

"கொழுகொழுன்னு இருக்குது."

அப்போதுதான் குட்டிக்கு உறைத்தது. அக்காவுக்குக் காட்ட அவளிடம் இருந்ததெல்லாம் தப்பித்தவைதான். செத்ததை வாரம் மூன்று முறை குழாய் வைத்து உறிஞ்சி வெளியேற்றிவிட்டாள். ஆய்வுக்கூடத்து வழக்கம் அது. செத்ததை யாரும் வைத்திருப்பதில்லை.

அலமாரியின் அடித்தட்டிலிருந்து முதல் வருட நோட்டை உருவினாள். தூசியைக் கோட்டில் துடைத்துவிட்டு அக்காவின் மடியில் விரித்துவைத்தாள். குட்டியின் கையெழுத்துதான். அக்கா விரலை வைத்து வரிவரியாகப் படித்தாள்.

"முதல் நாள், இருபது லட்சம் செல்கள். நாலாம் நாள், பெருகவில்லை. ஒன்பதாம் நாள், கொத்துக்கொத்தாகச் செத்து மிதக்கின்றன. முப்பதாம் நாள், அங்கொன்றும் இங்கொன்றுமாக மிச்சம். ஐயோ. ஒரு மாதம் வீண்."

அக்கா நிமிர்ந்தாள். "புற்றுநோய் செத்ததுக்கா ஐயோன்னு எழுதியிருக்கே?"

குட்டிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. "அப்போ உனக்கு வரலைக்கா."

"அந்த மிச்சத்தைத்தான் நாலு வருஷமா வளக்குறியா?"

"ஆமா. நாப்பது பேரு வகுப்புல பெயிலான ஒருத்தனை மட்டும் வெச்சுக்கிட்டு, மத்தவங்களை வெளியே அனுப்பிட்டேன். நீ இப்போ வந்து பாத்துட்டு வகுப்பே பெயிலுங்கறே."

அக்கா சிரிக்கவில்லை. "எனக்குள்ள அந்த ஒருத்தன் இருந்தா?"

இருக்காது என்று சொல்லிவிடலாம். குட்டியின் நாக்கு நுனி வரை வந்தது. அக்கா விடைத்தாளில் பொய் வழியைக் கண்டுபிடிக்கிறவள்.

"இருக்கலாம். தெரியாதுக்கா. இருந்தா அவனை எப்படிக் கொல்றதுன்னு பாக்கத்தான் இதுங்களோட குப்பை கொட்டிக்கிட்டிருக்கேன். ஆனா மாத்திரையை நிறுத்தி மீதிப் பேரை நீயே உள்ளே கூப்பிடாதே."

அக்கா பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தாள். "ஒரு மாதம் வீண்" என்பதை அடித்தாள். செத்து மிதக்கின்றன என்ற வரிக்குப் பக்கத்தில் பெரிதாக ஒரு சரி போட்டாள். ஆய்வு நோட்டில் வெளியாள் எழுதக் கூடாது. பேராசிரியர் பார்த்தால் தோலை உரித்துவிடுவார். குட்டி தடுக்கவில்லை.

வெளியே நடைக்கூடத்தில் தண்ணீர்க் குழாயருகே நின்று ஜியோமெட்ரி பெட்டியைத் திறந்தார்கள்.

"பதினாலையும் சேத்துப் போடணுமா?"

"வேண்டாம். இன்னைக்கு ஒண்ணு. நாளைக்கு டாக்டர்கிட்ட போய் விட்டதைச் சொல்லணும். நானும் வரேன்."

அக்கா ஒன்றை வாயில் போட்டு, தண்ணீர் குடித்து, முகத்தைச் சுளித்தாள்.

"மூணு வருஷமாச்சு, இந்தச் சனியனுக்கு இன்னும் நான் பழகலைடீ."

"பழகவே வேண்டாம்" என்றாள் குட்டி.