நூற்றுக்கு எத்தனை பேர்

அன்று காலையிலிருந்து அஜித்தா சின்னமுத்து என்கிற தட்டம்மையைத் தலவில அன்னம்மா தேவாலயத் திருவிழாவுக்குள் விட்டு விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் கணினிக்குள்தான். அவள் வேலை செய்யும் சுகாதாரக் கந்தோருக்குப் புதிதாக வந்திருந்த மென்பொருள், நோய் எப்படிப் பரவும் என்று முன்கூட்டியே கோடு கீறிக் காட்டும். யாத்திரிகர் கூடாரங்களை நெருக்கிப் போட்டால் சிவப்புக் கோடு துள்ளி எழும். தள்ளிப் போட்டால் கொஞ்சம் பதுங்கும். புது விளையாட்டுச் சாமான் கிடைத்த பிள்ளை மாதிரி அவள் தேத்தண்ணியையும் மறந்து இருந்தாள்.

இந்த நோய்க்கு ஒன்பதாம் மாதத்தில்தான் ஊசி. அதற்குக் குறைந்த வயதுக் குழந்தைகளைத் திருவிழாவுக்குக் கொண்டுவர வேண்டாம் என்று அறிவித்தால்? சொன்னதைக் கேட்டு நடப்பவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர் என்று மென்பொருள் கேட்டது. தொண்ணூறு என்று அடித்தாள். குழந்தைகளின் கோடு நல்ல பிள்ளையாகப் படுத்துக்கொண்டது.

டொக்டர் மஸாஹிர் பின்னால் வந்து நின்று திரையை எட்டிப் பார்த்தார்.

"தொண்ணூறா? ஆரு சொன்ன மிஸ்?"

"சும்மா ஒரு கணக்குக்குப் போட்டனான், சேர்."

"ஒங்கட புள்ளக்கி இப்ப எத்தன மாசம்?"

"ஏழு."

அவர் வந்த வழியே போய்விட்டார். அஜித்தாவுக்குத்தான் முகம் சுட்டது. ஊருக்குத்தான் உபதேசம் என்று சும்மாவா சொன்னார்கள்? பிள்ளையில்லாமல் ஆறு வருடம் அழுது, தலவில மணலில் முழங்காலில் நின்று அன்னம்மாவிடம் நேர்த்தி வைத்தவள் அவள். பிறந்தால் வருகிற முதல் திருவிழாவிலேயே கொண்டுவந்து உன் காலடியில் கிடத்துவேன் என்று. போக வான் வண்டியும் பேசியாகிவிட்டது. தானே அந்தத் தொண்ணூறில் இல்லையென்றால் வேறு யார்தான் இருப்பார்கள்? கைக்குழந்தையோடு அங்கே வருகிறவர்களில் பாதிப்பேர் அவளைப் போல நேர்ந்துகொண்டவர்கள்தானே. தொண்ணூறை அழித்து நாற்பது என்று அடித்தாள். கோடு எழும்பி நின்றது. அதற்குள் எங்கோ தன் மகளும் இருக்கிறாள் என்று நினைக்கப் பயம் வந்தது. நேர்த்தியை மீறுவதை நினைத்தாலும் அதே பயம்தான்.

மாம்புரி வீட்டில் பிள்ளையோடு இருந்த மாமிக்கு அழைப்பு எடுத்தாள். தையல் மெஷின் சத்தத்துக்கு மேலால் மாமியின் குரல் வந்தது.

"பிள்ளையின்ர திருநாள் சட்டை முடியப்போகுது!"

"மாமி, இந்த முறை பிள்ளையக் கொண்டுபோகாம அடுத்த வருசம் போனா, அன்னம்மா கோவிப்பாவோ?"

"இதை நீ கேக்கிறியோ, உன்ர கந்தோர் கேக்குதோ?"



"நான்தான் மாமி கேக்கிறன்."

தையல் மெஷின் நின்றது. திரையில் நாற்பதுக்குப் பக்கத்தில், அடுத்த எண்ணுக்காகச் சின்னக் கோடொன்று மின்னி மின்னிக் காத்திருந்தது. சொன்னதைக் கேட்பதா வேண்டாமா என்று, நூற்றில் ஒருவர் தொலைபேசியின் அந்தப் பக்கத்தில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.