கொலுவில் வைத்த காந்தக் கோளம்

ஐந்தைந்து காந்தக் குண்டுகளாலான பன்னிரண்டு வளையங்களை இணைத்து நாகேஸ்வரன் கட்டிய கோளம், கரமனையிலுள்ள அவன் வீட்டுக் கொலுவில் கற்கண்டுக் கிண்ணத்தின் அருகே இருந்தது. சுண்டல் வாங்க வந்தவர்கள் சென்றபின் பார்த்தால், ஒரு வளையம் பிளந்து கிடந்தது. இரண்டு குண்டுகளைக் காணவில்லை.

"அபி, நீ எடுத்தியாடி?"

நான்கு வயது மகள் உதட்டைப் பிதுக்கினாள். "கடிக்கவே முடியலேப்பா. ஒண்ணைக் காத்தாலே முழுங்கினேன். இன்னொண்ணை இப்போதான்."

"அதை ஏண்டி வாயிலே போட்டே?"

"கொலுவிலே வச்சதெல்லாம் பிரசாதம்னு நீதானே சொன்னே!"

அவன் கையில் எஞ்சிய குண்டுகளில் இரண்டு பாய்ந்து ஒட்டிக்கொண்டன. இடையில் சிக்கிய விரல்தோல் வெளுத்தது. வெவ்வேறு நேரத்தில் விழுங்கிய இரண்டும் குடலின் வெவ்வேறு மடிப்புகளிலிருந்து ஒன்றையொன்று இழுத்தால், அவள் குடலும் இப்படித்தான் நசுங்கும் என்று அவனுக்குத் தெரியும்.

"ஸ்மிதா, ஆட்டோவைக் கூப்பிடு!" என்று மனைவியிடம் கத்தினான்.

அபி வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.