சட்டைப்பைச் சூடு

குப்பியைக் கவிழ்த்த மாத்திரத்தில் உள்ளே இருந்தது முழுக்கச் சளக்கென்று மூடிப்பக்கம் இறங்கிவிட்டது. இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் யாருக்கோ சீட்டுக் கிழியப்போகிறது என்பது வாசல் காவலாளி வரைக்கும் எல்லோருக்கும் தெரியும்.

"இதுக்குப் பேரு ஜெல்லா மேடம்? எங்க வீட்டுக் குழாய்லயும் இது வருதே."

அந்த ஆய்வகத்தை நடத்தும் மேடம் கவிழ்ந்த குப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நிதானம் தரையைப் பார்த்தபடி நின்றார். நாற்பதை நெருங்கும் டெக்னீஷியன். எதையும் அவசரப்பட்டுச் செய்து யாரும் பார்த்ததில்லை, அதனால் அந்தப் பெயர். பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

மேடம் செய்வது பெப்டைடு. அமினோ அமிலங்களை மணி கோப்பதுபோல் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த குட்டிச் சங்கிலி. எந்த மணிக்குப் பக்கத்தில் எந்த மணி என்று சரியாகத் தீர்மானித்துவிட்டால், தண்ணீரில் போட்டதும் சங்கிலிகள் தாமாகவே ஒன்றையொன்று தேடிப் பிடித்து இழைகளாகும். ஒரு தலைமுடியை நீளவாக்கில் பல ஆயிரமாகப் பிளந்தால் எவ்வளவு மெலிசோ அவ்வளவு மெலிசு. இழைகள் பின்னிக்கொண்டால் தண்ணீர் தெளிந்த ஜெல்லாக நிற்கும். ஆறாத புண்மேல் போர்த்தலாம். சொல்ல நன்றாகத்தான் இருக்கிறது. ஐந்து வருடமாக அவர் வடிவமைத்ததெல்லாம் ஒன்று கட்டியாகித் திரியும், இல்லாவிட்டால் இரண்டே நாளில் கரைந்துபோகும். இந்த வருடம் வந்த எட்டு மணிச் சங்கிலிதான் முதன்முதலாக நின்றது. வாரக்கணக்கில் நின்றது. ஆனால் நிதானம் கலந்தால் மட்டும்தான் நின்றது! மேடம் கலந்தாலும் திரிந்தது. கூட்டாக வேலை செய்யும் வெளியூர் ஆய்வகத்தில் ஒன்பது தடவை கலந்து ஒன்பதும் திரிந்ததாகக் கடிதம் வந்துவிட்டது. சரி, என் கண்ணெதிரே அவரே கலக்கட்டும் என்று இயக்குநர் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அதன் லட்சணம்தான் இப்போது மூடிப்பக்கம் தேங்கி நிற்கிறது.

"வெள்ளிக்கிழமை பன்னெண்டு மணி. அதுக்குள்ள ஒரு குப்பியாவது நிக்கணும். இல்லேன்னா, இவர் நோட்டுல இருக்கறது பொய்னு நீங்க கையெழுத்துப் போட்டுக் குடுங்க. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

அந்த மிச்சம் நிதானத்தின் வேலை.

அன்று சாயங்காலம் மேடம் அவருடைய நோட்டை வீட்டுக்கு எடுத்துப்போனார். இருபத்து மூன்று ஜெல். ஒவ்வொரு வரிக்கும் எதிரே நேரம் குறித்திருந்தது. குறிக்கச் சொல்லி அடம்பிடித்தவரே மேடம்தான். கலந்தபின் பத்து நிமிடம் ஸ்டாண்டில் வைத்துவிட்டு ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும் என்பது முறை. நிதானத்தின் நோட்டிலோ கலந்தது பதினொன்று, ஃபிரிட்ஜில் வைத்தது பதினொன்று முப்பத்தைந்து. இருபத்து மூன்று நாளும் அப்படியே. இந்த இடைவெளியில் மனுஷன் என்ன செய்தார்? வேறெதையாவது ஊற்றிக் குப்பியை மாற்றினாரா?

"உன் ஆளு பொய் சொல்றவரா?" என்றார், துணி மடித்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர்.

"பொய் சொல்றவரு இவ்வளவு ஒழுங்கா நேரம் எழுதுவாரா?"

"அப்ப அவரையே கேட்டுட வேண்டியதுதானே?"

கேட்டாகிவிட்டது. 'ஒண்ணும் பண்ணல மேடம், காத்துகிட்டிருந்தேன்' என்றுதான் சொன்னார். சொல்லும்போது காது மடல் சிவந்திருந்தது. அதுதான் மேடத்தை உறுத்திக்கொண்டிருந்தது.

வியாழக்கிழமை மேடம் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்று வேவு பார்த்தார். இந்த வயதில் இது தேவையா என்று வெட்கமாகத்தான் இருந்தது. சரியாகப் பதினோரு மணிக்கு நிதானம் குப்பியை மூடினார், கையுறையைக் கழற்றினார், குப்பியைத் துடைத்தார். பிறகு மேல்கோட்டை விலக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மாடிப்படிப் பக்கம் நடந்தார். மேடம் பின்னாலேயே போனார். அகப்பட்டுக்கொண்டாரே என்று கோபமும், ஐயோ அகப்பட்டுக்கொண்டாரே என்று துக்கமும் சேர்ந்தே வந்தன.

படிக்கட்டின் திருப்பத்தில் உட்கார்ந்து அவர் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"நர்ஸம்மா போன உங்க காதுகிட்ட வெச்சுட்டாங்களா? அப்பா பேசறேன்மா. இன்னிக்கு எவ்வளவு எடை? ஆயிரத்து முந்நூறா? அடேங்கப்பா, குண்டம்மா ஆயிட்டீங்க போங்க! சமத்தா மூச்சு விடணும், என்ன? மறந்துடக் கூடாது. ஒண்ணு விட்டா அடுத்ததையும் விடணும்..."

மேடத்தின் கால் அப்படியே நின்றுவிட்டது. அரைமணி நேரம் அந்த மனிதர் பேசிக்கொண்டே இருந்தார். நாள் முழுக்க நாலு வார்த்தை பேசாதவர்! பேசி முடித்துத் திரும்பியவர் மேடத்தைப் பார்த்துப் பதறி எழுந்தார்.

"தப்புதான் மேடம். வேலை நேரத்துல போன் கூடாதுன்னு நீங்க எழுதி ஒட்டியிருக்கீங்க. பதினொண்ணுலேருந்து பதினொன்ற வரைக்கும்தான் வார்டுல பேச விடறாங்க. பொண்ணு ஏழு மாசத்துலயே பொறந்துட்டா. கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்கா."

"குப்பி எதுக்குப் பையில?"

"குப்பிய விட்டுக் கண்ணு அந்தாண்ட போகக் கூடாதுன்னு போன வருஷம் திட்டினீங்களே. அதான் கையோட எடுத்துட்டு வந்தேன். அன்னிக்கு சார் முன்னாடி எப்படி மேடம் போன் பேசறது? ஸ்டாண்டுலயே வெச்சுட்டேன்."

மேடத்துக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம்போல் இருந்தது. இரண்டும் அவர் போட்ட சட்டம். மனுஷன் இரண்டையும் காப்பாற்றத்தான் இந்தப் பாடு பட்டிருக்கிறார்.

"குழந்தை பொறந்தத ஏங்க எங்கிட்ட சொல்லல?"

நிதானம் கையிலிருந்த போனைத் துடைத்தார்.

"போன தடவ எல்லார்கிட்டயும் சொன்னேன் மேடம். அப்புறம் எல்லார்கிட்டயும் திரும்பப் போய்ச் சொல்ல வேண்டியதாப் போச்சு."

மூன்று வருடத்துக்கு முன் அவர் இனிப்பு கொண்டுவந்து கொடுத்தது மேடத்துக்கு ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகு அவர் வந்து சொன்னபோது தான் என்ன பதில் சொன்னோம் என்பது எவ்வளவு யோசித்தும் வரவில்லை. அழுகை வந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, வேலையில் இறங்கினால் சரியாகிவிடும் என்று தெர்மாமீட்டரை எடுத்துவந்து அவருடைய சட்டைப்பையில் செருகினார்.

"அசையாதீங்க."

"கூச்சமா இருக்கு மேடம்."

முப்பத்து நான்கு டிகிரி. ஏசி போட்டு நடுங்கவைக்கும் அந்த அறையில் சங்கிலிகள் அவசரத்தில் கிடைத்ததைப் பிடித்துக்கொண்டு கட்டியாகின்றன. இங்கே அரைமணி நேரம் இதமான சூட்டில் நிதானமாகத் தேடி, சரியான துணையைப் பிடிக்கின்றன. அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் நினைத்தால் போதாது, இந்தச் சூட்டில் யார் கலந்தாலும் நிற்கும் என்று நிரூபிக்க வேண்டும். சூடு மாறாத வெந்நீர்த் தொட்டியைப் பக்கத்து ஆய்வுக் குழு வெள்ளி காலைதான் தரமுடியும் என்றது.

வெள்ளி காலை பத்து மணிக்கு நிதானத்தின் போன் அடித்தது. பேசிவிட்டு வந்தவரின் முகம் வெளிறியிருந்தது.

"என்னங்க? குழந்தைக்கு ஏதாவது..."

"இல்ல மேடம். இன்னிக்கு நெஞ்சுமேல போட்டுக்கலாமாம். உடம்புச் சூடு பட்டா நல்லதாம். அவ அம்மாவுக்குக் காய்ச்சல் விடல, அப்பா வரட்டும்னாங்க. சார் பன்னெண்டு மணிக்கு வருவாரே... நான் சாயங்காலமாப் போறேன்னு..."

"வாய மூடுங்க. போட்டுக்க ஆள் இல்லாம அது காத்துகிட்டு இருக்கு, இவரு சாருக்கு ஜெல் காட்டப் போறாராம்! கிளம்புங்க முதல்ல."

முதன்முறையாக நிதானம் ஓடியதை அந்த ஆய்வகம் பார்த்தது.

மேடம் தனியாகக் கலந்தார். தொட்டியில் முப்பத்து நான்கு டிகிரியில் முப்பத்தைந்து நிமிடம். பிறகு ஃபிரிட்ஜ். எல்லாவற்றுக்கும் நேரம் குறித்தார். இது திரிந்தாலும் நோட்டில் இருப்பது பொய் என்று கையெழுத்துப் போடுவதில்லை என்று முடிவெடுத்திருந்தார். போடாவிட்டால் நிதானத்தின் வேலை மிஞ்சிவிடுமா? மிஞ்சாது. அது அவருக்கும் தெரியும்.

பன்னிரண்டு அடிக்க இயக்குநர் வந்தார்.

"எங்க அவரு? ஓடிட்டாரா?"

"பொண்ணத் தூக்கப் போயிருக்காரு."

இயக்குநர் குப்பியைத் தானே வாங்கிக் கவிழ்த்தார். வாய்க்குள் எண்ணத் தொடங்கினார். பத்து. இருபது. மேடம் குப்பியைப் பார்க்காமல் அவருடைய கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அறுபது. அவர் குப்பியை ஆட்டினார், தட்டினார், வெளிச்சத்தில் பிடித்தார். உள்ளே இருந்தது இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. கண்ணாடிக்குக் கை போகவே இல்லை.

"முதல்ல அவருக்குச் சொல்லுங்க மேடம்."

மேடம் ஏற்கெனவே எண்ணை அழுத்தியிருந்தார். மறுமுனையில் கிசுகிசுவென்று குரல்.

"மேடம்... நர்ஸம்மா போன என் காதுல பிடிச்சிருக்காங்க. எனக்குக் கை ரெண்டும்... தூங்கறா மேடம். இத்தினியூண்டு. மூச்சு விடறது எனக்கே தெரியுது."

மேடம் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"சொல்லிட்டீங்களா? என்ன சொல்றாரு?" என்றார் இயக்குநர்.

மேடம் உதட்டில் விரல் வைத்தார். எதற்கென்று புரியாமலே இயக்குநரும் வாயைப் பொத்திக்கொண்டு, சத்தம் எழாமல் ஒரு நாற்காலியை இழுத்து, கவிழ்த்த குப்பியைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்தார்.